மூலையில் ஒரு புள்ளி

02.08.2025, சனி

வெள்ளைச் சட்டையைத் தேய்த்துப் போட்டதும் வீட்டுக்காரி தைலம் வாசலை மறித்துக்கொண்டாள். எங்கே என்றாள். திருவதிகைப் பக்கம் ஒரு மனை விலைக்கு வருதாம், பாத்துட்டு வரேன் என்றேன். டிக்கெட் எடுக்காதவர்கள் சொல்லும் பொய்யை முப்பத்துமூன்று வருஷமாகக் கேட்டவன் நான். எனக்கு ஒன்று சொல்ல வராதா? நம்பிவிட்டாள்.

போனது சிதம்பரம். அதுவும் ரயிலில். பஸ்ஸில் போக முடிந்தால் நான் ஏன் அங்கே போகிறேன்?

இதை வேறு யாரிடமும் சொல்ல முடியாது, இங்கேயாவது எழுதுகிறேன். ஜூன் கடைசியிலிருந்து பஸ் படிக்கட்டில் கால் வைத்தால் மூச்சு அடைக்கிறது. கம்பியைப் பிடித்த கை வேர்த்து வழுக்குகிறது. செக்கிங் இன்ஸ்பெக்டர் சுப்புராயனுக்குப் பஸ் ஏற முடியவில்லை என்று தெரிந்தால் டிப்போவே சிரிக்கும். சிரிப்போடு நிற்காது. 'அன்ஃபிட்' என்று ஒரு சொல் எழுதிவிட்டால் வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள். ரிட்டயர் ஆகப் பதினாலு மாசம்தான் பாக்கி. முட்டிவலி என்று சொல்லி, பஸ் ஸ்டாண்டில் நின்று இறங்குகிறவர்களைச் சோதிக்கும் டூட்டியை வாங்கி ஓட்டுகிறேன்.

ஈசிஜி எடுத்த டாக்டர், நெஞ்சில் ஒன்றுமில்லை, இந்த அம்மாவைப் பாருங்க என்று ஒரு சீட்டில் எழுதிக் கொடுத்தார். டிப்போக்காரர்களுக்கு ஃபிட்னஸ் சர்டிபிகேட் கொடுப்பதும் இதே டாக்டர்தான். சும்மாவா எழுதிக் கொடுத்திருப்பார்?

மேல வீதிக்குப் பின்னால் ஒரு சந்து, போட்டோ ஸ்டூடியோவுக்கு மேல் மாடி. பிரிசில்லா என்று பெயர், மனநல ஆலோசகர், நாற்பது வயசிருக்கும். மூன்று நாற்காலி இருந்தது. உங்களுக்கு எதுல உக்காரத் தோணுதோ உக்காருங்க சார் என்றார். எதில் உட்கார்கிறேன் என்று பார்த்துக் குறித்துக்கொள்ளவா? கதவோரம் உட்கார்ந்தேன். வழியை அடைத்து நிற்பது தொழில் பழக்கம்.

சொல்வது எதுவும் அந்த ரூமை விட்டு வெளியே போகாதாம். யாருடைய உயிருக்காவது ஆபத்து என்றால் மட்டும் வெளியே சொல்லவேண்டி வருமாம், அப்போதும் முதலில் என்னிடம் சொல்லிவிட்டுத்தானாம்.

ஆக, ஓட்டை இருக்கிறது.

03.08

மேசையில் பேப்பரும் இல்லை, பேனாவும் இல்லை. எழுதாத ஆள் எப்படி ஞாபகம் வைத்துக்கொள்ளும்? போன் எங்கேயாவது ஓடிக்கொண்டிருந்திருக்கும்.

09.08, சனி

கைக்குட்டையைத் தவற விட்ட மாதிரி குனிந்து மேசைக்கு அடியில் பார்த்தேன். ஒன்றும் இல்லை. அந்தம்மா பார்த்துவிட்டார். வேணும்னா அலமாரியையும் தெறந்து பாருங்க சார், ஒண்ணும் தப்பில்ல என்றார். கிண்டலா என்று முகத்தைப் பார்த்தேன். இல்லை. எனக்குத்தான் காது சூடாகிவிட்டது.

எப்போதிருந்து இப்படி என்று கேட்டதும் ஜூன் இருபத்தஞ்சு என்று தேதியே வந்துவிட்டது. அதற்கு மேல் சொல்லாமல் இருந்தால் சந்தேகப்படுவார் என்று, ஊருக்கே தெரிந்ததை மட்டும் சொன்னேன். அன்றைக்குப் புதுச்சத்திரத்தில் சிதம்பரம் வண்டியில் ஏறினேன். கூடைக்கார அம்மா ஒருத்தரிடம் டிக்கெட் இல்லை. கண்டக்டர் திருநாவுக்கரசு மேல் மெமோ எழுதினேன். அவரை சஸ்பெண்ட் செய்துவிட்டார்கள். அக்டோபர் பதினஞ்சு விசாரணை. சாட்சி நான் ஒருத்தன்தான். நான் எழுதியது சரிதான் என்று சொன்னால் அந்த ஆளுக்கு வேலை போகும். இவ்வளவுதான்.

"அந்தப் பேரைச் சொல்றப்ப உங்க குரல் எறங்கிடுது சார்," என்றார். வேறு ஒன்றும் கேட்கவில்லை.

ரயிலில் வரும்போது நினைத்தேன். இந்தம்மா டிப்போவோட ஆளா, இல்லை யூனியனோட ஆளா? நான் எங்கே வாய் தவறுவேன் என்று பார்க்க யூனியனுக்கும்தான் ஆசை. மெமோவில் எழுதியது எழுதியதுதான். மாற்ற மாட்டேன்.

16.08, சனி

பழைய காகித டிக்கெட் காலத்தில் எங்களிடம் ஒரு வேலை உண்டு. பயணி கையில் இருக்கிற டிக்கெட்டை வாங்கிப் பார்க்கிற சாக்கில் மூலையில் பேனாவால் ஒரு புள்ளி வைத்துத் திருப்பிக் கொடுத்துவிடுவோம். அதே டிக்கெட் அடுத்த ட்ரிப்பில் வேறு ஒருத்தர் கையில் இருந்தால், கண்டக்டர் பழசை வாங்கித் திருப்பி விற்கிறான் என்று அர்த்தம். அப்படி ஏழு பேரைப் பிடித்திருக்கிறேன்.

இன்று பிரிசில்லாவுக்கு ஒரு புள்ளி வைத்தேன். திருவதிகையில் கோயிலுக்குப் பக்கத்தில் ஒரு மனை பேசி வைத்திருக்கிறேன், ரிட்டயர் ஆனதும் வீடு கட்டப் போகிறேன் என்று பேச்சோடு பேச்சாக விட்டேன். ஒரு சென்ட் கூடக் கிடையாது. இது டிப்போவில் எவன் வாயிலிருந்தாவது வந்தால், அந்தம்மா மாட்டினார்.

சந்தோஷமா இருக்குமே சார் என்றார். இருக்கும் என்றேன்.

19.08

டிப்போவில் ஒன்றும் இல்லை.

21.08

ஒன்றும் இல்லை. பி.எம். என்னைப் பார்த்துச் சிரித்தார். பிராஞ்ச் மேனேஜர் எதுக்கு சும்மா சிரிக்கணும்? சாயங்காலம் பார்த்தால், அவர் மகளுக்கு வரன் அமைந்ததற்கு எல்லோருக்கும் ஸ்வீட் கொடுத்துக்கொண்டிருந்தார்.

23.08, சனி

எழுதவே வெட்கமாக இருக்கிறது. இன்று அங்கே அழுதேன்.

அந்தம்மா ஒன்றும் பெரிதாகக் கேட்கவில்லை. படிக்கட்டில் கால் வைக்கும்போது உடம்பில் முதலில் எங்கே தெரிகிறது என்றார். கையில் என்றேன். இப்போ அந்தக் கை எப்படி இருக்கு என்றார். பார்த்தால் நாற்காலிக் கையை அப்படியே கம்பியைப் பிடிக்கிற மாதிரி பிடித்திருக்கிறேன். விட முடியவில்லை. விடச் சொல்லவும் இல்லை. பிடிச்சுக்கிட்டே இருங்க சார், அவசரமில்ல என்றார். அவ்வளவுதான், பொலபொலவென்று வந்துவிட்டது. ஐம்பத்தொன்பது வயசில்.

முப்பத்துமூன்று வருஷத்தில் எவனாவது என்னிடம் அவசரமில்லை என்று சொல்லியிருக்கிறானா?

கொஞ்சம் நம்பலாமோ என்று தோன்றியது.

28.08, வியாழன்

மாட்டினார்!

மத்தியானம் டைம் கீப்பர் சுஹைப், எங்கள் பக்கத்து வீட்டுப் பையன்தான், டீ குடித்துக்கொண்டே கேட்கிறான்: "என்ன மாமா, திருவதிகைல மனை வாங்கறீங்களாமே? எங்ககிட்ட கூட சொல்லல." யார் சொன்னது என்று கேட்டேன். கேள்விப்பட்டேன் மாமா என்று சிரித்தான். பக்கத்தில் ரெண்டு டிரைவர்கள் இருந்தார்கள், அதற்கு மேல் தோண்ட முடியவில்லை.

மனை விஷயம் வந்ததென்றால் படிக்கட்டு விஷயமும் வந்திருக்கும். நான் அழுததும் வந்திருக்கும். சே! அவசரமில்லையாம், அவசரமில்ல. நானும் ஒரு மடையன், பச்சைப் புள்ள மாதிரி அங்க போயி உக்காந்து அழுதேன் பாரு.

30.08, சனி

போய்க் கேட்டேவிட்டேன். உட்காரவில்லை. நின்றபடியே, திருவதிகையில் எனக்கு மனையே கிடையாது, அது நான் உங்களுக்கு வைத்த புள்ளி, அஞ்சு நாள் முன்னாலே விட்டது டிப்போவில் கிடைத்துவிட்டது என்றேன். அஞ்சு இல்லை, பன்னெண்டு நாள். கோபத்தில் கணக்குத் தப்பிவிட்டது.

மாட்டியவர்கள் முகம் எனக்குத் தெரியும். பாக்கெட்டைத் தடவுவான், பக்கத்து ஆளைப் பார்ப்பான், இல்லையென்றால் கத்துவான். இந்தம்மா எதுவும் செய்யவில்லை. "நான் சொல்லல சார். ஆனா சொல்லலைங்கறதுக்குக் காட்ட எங்கிட்ட ஒண்ணுமில்ல. நம்பி ஒரு எடத்துல மனசத் தெறந்து, அது வெளிய போயிடுச்சுன்னா எப்பிடி இருக்கும்னு நெனச்சா எனக்கே கஷ்டமா இருக்கு," என்றார்.

நல்ல நடிப்பு என்றேன். ஆமாம், அப்படியே சொன்னேன்.

கதவு வரைக்கும் வந்து, சனிக்கிழமை பத்தரை மணி உங்களுக்குத்தான் சார், நீங்க வேண்டாம்னு சொல்ற வரைக்கும் வேற யாருக்கும் கொடுக்க மாட்டேன் என்றார். வேண்டாம் என்று சொல்ல வாய் வரவில்லை. இறங்கிவிட்டேன்.

வீட்டுக்கு வந்ததும் டாக்டருக்குப் புகார் எழுதினேன். மெமோ எழுதுகிற கை, ஒரே மூச்சில் ஓடிற்று. ரகசியத்தை வெளியிட்டார். நான் பேசும்போது கவனிக்காமல் செல்போன் பார்த்துக்கொண்டிருந்தார். இப்படிப்பட்டவரிடம் ஆட்களை அனுப்ப வேண்டாம். கவரில் போட்டு ஒட்டிவிட்டேன். திங்கள்கிழமை தபாலில் போடணும்.

01.09

போடவில்லை. டூட்டி முடிய நேரமாகிவிட்டது.

06.09, சனி

போகவில்லை. பத்தரைக்கு மட்டும் கடிகாரத்தைப் பார்த்தேன். முட்டிவலியை இன்னும் எத்தனை நாள் சொல்ல முடியும்? பி.எம். அடுத்த வாரம் லைன் டூட்டி போட்டிருக்கிறார், ஓடுகிற வண்டியில் ஏறிச் சோதிக்கணும். லீவு எழுதிக் கொடுத்தேன்.

10.09, புதன்

சாப்பிட உட்கார்ந்திருந்தேன். தைலம் குழம்பு ஊற்றிக்கொண்டே, மனை எப்பங்க பதியப் போறீங்க என்றாள். எந்த மனை என்றேன்.

"திருவதிகை மனைங்க. வெள்ளச் சட்ட போட்டுக்கிட்டுப் போனீங்களே. ஃபர்ஹானா கூடக் கேட்டுக்கிட்டே இருக்கா."

ஃபர்ஹானா சுஹைப்பின் பெண்டாட்டி. சுவர் ஒட்டின வீடு. தைலம் அவளிடம் சொல்லாதது இந்த உலகத்தில் ஒன்றும் கிடையாது.

சோறு இறங்கவில்லை. எழுந்து வந்து இந்த நோட்டைப் புரட்டினேன். முதல் பக்கம், மூன்றாவது வரி. என் கையெழுத்து. யாருக்கும் தெரியாத சங்கதி என்று நினைத்து அந்தம்மாவிடம் விட்டது, அதற்குப் பதினாலு நாள் முன்னால் தைலத்திடம் நானே சொன்ன பொய். ஒரே டிக்கெட்டில் புள்ளியையும் வைத்து அதை நானே ரெண்டு பேருக்கு விற்றிருக்கிறேன்.

கவரைப் பிரித்துப் படித்தேன். செல்போன் பார்த்துக்கொண்டிருந்தார் என்று இருக்கிறது. அந்த ரூமில் ஒரு நாள் கூடப் போனை நான் கண்ணால் பார்த்ததில்லை. ஏன் எழுதினேன்? எழுதும்போது பொய் என்று தோன்றவே இல்லையே.

தோன்றவே இல்லை. அந்த வரி புதுசு இல்லை. இதற்கு முன்னாலும் ஒரு தடவை எழுதியிருக்கிறேன்.

13.09, சனி

பத்தரைக்குப் போனேன். கதவு திறந்துதான் இருந்தது. போன வாரமும் இருந்தீங்களா என்று கேட்டேன். இருந்தேன் சார் என்றார். ஒரு மணி நேரமும் என்ன பண்ணினீர்கள் என்றேன். உக்காந்திருந்தேன் என்றார்.

மனைக் கதையைச் சொன்னேன். மன்னிப்பு என்று முழுசாக வரவில்லை. கவரை நீட்டினேன். படித்தார். கோபப்படுவார் என்று காத்திருந்தேன், பட்டிருந்தால் எனக்கு நிம்மதியாக இருந்திருக்கும். வலிக்குது சார், இல்லைன்னு சொன்னா பொய்யாயிடும் என்றார். பிறகு அந்த ஒரு வரியில் விரலை வைத்துக் கேட்டார்.

"இந்த செல்போன் எங்கேர்ந்து வந்துச்சு சார்?"

சொல்லிவிட்டேன். இங்கேயும் எழுதிவிடுகிறேன்.

ஜூன் இருபத்துநாலு, டிப்போ டீக்கடையில் நான் வருவதைப் பார்த்துத் திருநாவுக்கரசு, கழுகு எறங்குது, எல்லாரும் கோழிக்குஞ்சைக் கூண்டுல போடுங்கப்பா என்றார். அத்தனை பேரும் சிரித்தார்கள். கூட இருந்த கிளீனர் வரைக்கும். மறுநாள் புதுச்சத்திரத்தில் அவர் வண்டிதான் வந்தது. ஏறினேன். கூடைக்கார அம்மா அப்போதுதான் பின்படியில் ஏறியிருந்தார். திருநாவுக்கரசு அந்தக் கூடையை ஓரமாகத் தள்ளி வைத்துவிட்டு, டிக்கெட் மெஷினைக் கையில் பிடித்து அவரிடம்தான் போய்க்கொண்டிருந்தார். நான் பார்த்தேன். நன்றாகப் பார்த்தேன். மெமோவில், நடத்துநர் தமது இருக்கையில் அமர்ந்து செல்போன் பார்த்துக்கொண்டிருந்தார் என்று எழுதினேன்.

அவர் கத்தவில்லை, கெஞ்சவும் இல்லை. "நீங்களே பாத்தீங்களே சார்," என்றார். ஒரே ஒரு தடவை. நான் கீழே இறங்க முடியாமல் படிக்கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றேன். அன்றைக்குப் பிடித்தது இந்த மூச்சடைப்பு.

சொல்லி முடித்ததும் நான் என்ன பண்ணட்டும் மேடம், சொல்லுங்க என்றேன். விசாரணையில் மாற்றிச் சொன்னால் பொய் மெமோ எழுதியதற்கு என்னைத் தூக்குவார்கள். பென்ஷன் கேள்விக்குறி. மாற்றாவிட்டால் அந்த ஆளுக்கு வேலை இல்லை.

"நான் சொன்னா, நீங்க எம் பேச்சைக் கேட்ட மாதிரி ஆயிடும் சார். அப்புறம் நான் யாரு சொல்லி அப்பிடிச் சொன்னேன்னு மேசைக்கு அடியில பாப்பீங்க."

சிரித்துவிட்டேன். அழுதுகொண்டே சிரிப்பது எவ்வளவு அசிங்கமான சத்தம்.

எதைச் செய்தாலும், மாற்றினாலும் மாற்றாவிட்டாலும், பத்தரை மணி என்னுடையதுதான் என்றார். அந்த 'மாற்றாவிட்டாலும்' என்னை என்னமோ செய்துவிட்டது. திட்டியிருந்தால் எதிர்த்து நின்றிருப்பேன்.

20.09

டிப்போவில் வண்டி கழுவுகிற இடத்தில் காலி பஸ் ஒன்று நின்றது. முதல் படியில் ஒரு கால் வைத்தேன். எண்ணி இருபது நொடி. எடுத்துவிட்டேன்.

27.09, சனி

மாற்றிச் சொல்லாமல் இருப்பதற்கு என்னென்ன காரணம் உண்டோ எல்லாவற்றையும் இன்று அந்தம்மாவிடம் அடுக்கினேன். பதினாலு மாசம் இப்போது பன்னிரண்டு மாசம். மகள் கல்யாணத்துக்குப் பிறகு கையில் ஒன்றும் இல்லை. ஊர் சிரிக்கும். திருநாவுக்கரசும் ஒன்றும் உத்தமர் இல்லை, ரெண்டு பழைய மெமோ இருக்கிறது. ஒவ்வொன்றுக்கும் தலையை ஆட்டினார். எல்லாமே நெசமான பயம் சார் என்றார். ஒன்றைக் கூட வெட்டிப் பேசவில்லை. வெட்டிப் பேச ஆள் இல்லாததால் நானே பேச வேண்டியதாயிற்று.

04.10, சனி

தைலத்திடம் எல்லாம் சொன்னேன். சிதம்பரம், படிக்கட்டு, மெமோ. அரிசி புடைத்துக்கொண்டிருந்தவள் முறத்தைக் கீழே வைத்துவிட்டாள்.

பிறகு கேட்டாள், அந்தத் திருநாவுக்கரசுக்குப் புள்ளைங்க இருக்கா? ரெண்டு என்றேன். முறத்தை எடுத்துக்கொண்டு உள்ளே போனாள். போகிற போக்கில், அப்ப மனையும் இல்லையா என்றாள். இல்லை என்றேன். நான் பூஜை ரூம் எந்தப் பக்கம்னு வரைக்கும் யோசிச்சு வெச்சிட்டேன் என்றாள். திட்டியிருக்கலாம்.

15.10, புதன்

சொல்லிவிட்டேன். இருக்கையில் அமர்ந்திருக்கவில்லை, செல்போன் இல்லை, மெஷின் கையில் இருந்தது, பயணியை நோக்கிச் சென்றுகொண்டிருந்தார், நான் பார்த்தேன். விசாரணை அதிகாரி பேனாவை மூடி வைத்துவிட்டு, யாராவது உங்களை மிரட்டினாங்களா என்று கேட்டார். மூன்று தரம் கேட்டார். அந்தச் சந்தேகம் எனக்குப் புரிந்தது, அவர் இடத்தில் நானும் அதைத்தான் கேட்டிருப்பேன். யாரும் ஒண்ணும் சொல்லலை சார், அதான் விஷயம் என்றேன்.

திருநாவுக்கரசு எதிரே உட்கார்ந்திருந்தார். என்னை ஏறிட்டுக் கூடப் பார்க்கவில்லை. இளைத்துப் போயிருந்தார். வெளியே வந்து மன்னிப்புக் கேட்கப் போனேன். பைக்கை எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

18.10

என்னை சஸ்பெண்ட் செய்த ஆர்டர் வந்தது. தீபாவளிக்கு ரெண்டு நாள். தைலம் வாங்கி, படித்து, மடித்து, அலமாரியில் வைத்துவிட்டு முறுக்குக்கு மாவு பிசையப் போனாள்.

22.11

திருநாவுக்கரசை வேலைக்கு எடுத்துக்கொண்டார்களாம், சுஹைப் சொன்னான். டிப்போவில் இப்போது என்னைக் கழுகு என்று சொல்வதில்லையாம். வேறு என்ன சொல்கிறார்கள் என்று கேட்டேன். விடுங்க மாமா என்றான்.

13.12.2025, சனி

ரயிலுக்குப் போகாமல் திருப்பாதிரிப்புலியூர் பஸ் ஸ்டாண்டுக்குப் போனேன். பிரிசில்லா சொல்லவில்லை. நானாகத்தான்.

சிதம்பரம் வண்டி கிளம்பத் தயாராக நின்றது. கம்பியைப் பிடித்து முதல் படியில் கால் வைத்த பிறகுதான் மேலே பார்த்தேன். திருநாவுக்கரசு. விசில் வாயில் இருக்கிறது. ஊத வேண்டியதுதான் பாக்கி.

அப்படியே நின்றுவிட்டேன். கை வேர்த்தது. மூச்சு மேலேயும் போகவில்லை, கீழேயும் போகவில்லை. டிரைவர் ஹார்ன் அடித்தார். உள்ளே யாரோ, ஏறுய்யா இல்ல எறங்குய்யா என்றார்கள். திருநாவுக்கரசு என்னைப் பார்க்கவில்லை. விசிலை வாயிலிருந்து எடுத்துக் கையில் வைத்துக்கொண்டு, வெளியே பூக்கடையைப் பார்த்தபடி நின்றார். ஒரு நிமிஷம் இருக்கும். இரண்டு கூட இருக்கும். டிரைவர் மறுபடி ஹார்ன் அடித்தார். அவர் திரும்பவில்லை.

ரெண்டாவது படி. மூன்றாவது படி.

ஜன்னலோரம் இடம் கிடைத்தது. அதற்கப்புறம்தான் விசில் கேட்டது.

முன்னாலிருந்து வரிசையாக டிக்கெட் போட்டுக்கொண்டு வந்தார். எங்கே என்றார். சிதம்பரம் என்றேன். மெஷினில் அடித்துக் கிழித்துக் கொடுத்துவிட்டு அடுத்த சீட்டுக்குப் போய்விட்டார். வேறு ஒரு வார்த்தை இல்லை. பேச எனக்கு என்ன இருக்கிறது?

டிக்கெட்டை வாங்கியதும் கண் அதன் மூலைக்குத்தான் போயிற்று. வெறும் தாள். மடித்துப் பையில் வைத்துக்கொண்டேன். ஆலப்பாக்கத்தில் நாலு பேர் ஏறினார்கள், நாலு பேருக்கும் போட்டார். அது வரைக்கும் பார்த்துக்கொண்டிருந்தேன்.

புதுச்சத்திரம் எப்போது தாண்டியது என்று தெரியவில்லை. தூங்கிவிட்டேன்.